பத்தாவது சீட்டு யாருக்கு?

ஆணி ரொம்ப அதிகமாப் போனதால இந்தப் பக்கம் வந்தே ரெண்டு மாசம் ஆச்சு. பூட்டின கடையை வந்து வந்து பாத்துட்டுப் போன நாலு பேருக்கும் நன்றி :-) இன்னைக்குப் பதிவு பேஸ்பால் பத்தி. "அய்யோ"ன்னு ஜன்னலைச் சாத்திடாதீங்க மக்கா. ஆட்டமே தெரியலைன்னாலும் பரவாயில்ல, போகப் போகப் புரியும். ஒரே ஒரு ஓட்டை யாருக்குப் போடறதுன்னு பத்து நாளா மண்டையைப் பிச்சிக்கிட்டு இருந்தேன். அந்தக் கதைதான்.

நாங்க எட்டு பேர். எல்லாருமே பொட்டி தட்டுறவங்க. ஒரு காலத்துல நியூ ஜெர்சியில ஒரே ப்ராஜெக்ட்ல குப்பை கொட்டினோம், இப்போ ஆளுக்கொரு ஊர்ல இருக்கோம். தொடர்பு விட்டுப் போகக் கூடாதுன்னு ஒரு வெட்டி வேலை ஆரம்பிச்சோம். எங்களுக்குன்னு ஒரு டம்மி ஹால் ஆஃப் ஃபேம். நிஜமானது நியூயார்க் மாநிலத்துல கூப்பர்ஸ்டவுன்ங்கற சின்ன ஊர்ல இருக்கு. 1936-ல் முதல் தேர்தல், 1939-ல் கட்டடத்தைத் திறந்தாங்க. எங்களோடது ஒரு எக்செல் ஃபைல்லயும், நான் எழுதின ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட்லயும் இருக்கு. வாடகை கிடையாது.

நிஜ ஹால்ல பேஸ்பால் எழுத்தாளர்கள் ஓட்டு போடுவாங்க. 75 சதவீதம் வாங்கினா உள்ளே. 5 சதவீதம் கூட வாங்கலைன்னா அடுத்த வருஷம் சீட்டுல பேரே இருக்காது. நாங்களும் அதே 75 சதவீதத்தை வெச்சுக்கிட்டோம். எட்டு பேர்ல ஆறு ஓட்டு. ஒவ்வொரு இடத்துக்கும் பத்து பேர்தான். 1947-ல் ஜாக்கி ராபின்சன் வந்து கருப்பின ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறந்த பிறகு ஆடினவங்க, 2020-க்குள்ள ஆட்டத்தை முடிச்சவங்க மட்டும்தான் கணக்கு. அதனால பஸ்டர் போஸி, யாடியர் மொலினா ரெண்டு பேரும் அடுத்த ரவுண்டு.

இதுல ஒரு வருத்தம். ஜாஷ் கிப்சன் இந்த விதியால வெளியே நிக்கறாரு. நீக்ரோ லீக்ல ஆடின கேட்சர். 1947 ஜனவரியில, 35 வயசுல செத்துப் போனாரு. கதவு திறக்க அப்புறம் மூணே மாசம். நீக்ரோ லீக் கணக்குகளை மேஜர் லீக் புத்தகத்துல 2024-ல் சேர்த்தப்போ, வாழ்நாள் பேட்டிங் ஆவரேஜ்ல டை காப்பைத் தாண்டி .372-ஓட முதல் இடத்துக்கு வந்தது இவர்தான். அவருக்கு எங்க ஹால்ல ஓட்டே போடாம தனி நாற்காலி போட்டு வெச்சிருக்கோம்.

மிச்சம் ஒன்பது சீட்டு பெரிய அடிதடி இல்லாம நிரம்பிடுச்சு. ஜானி பெஞ்ச், யோகி பெர்ரா, ராய் கேம்பனெல்லா, கேரி கார்ட்டர், கார்ல்டன் ஃபிஸ்க், இவான் ராட்ரிகஸ், மைக் பியாஸா, ஜோ மவர், டெட் சிம்மன்ஸ். பத்தாவது சீட்டுலதான் வண்டி நின்னு போச்சு. ஏழு பேர் போட்டு முடிச்சாச்சு. தர்மன் மன்சனுக்கு அஞ்சு, ஹோர்ஹே பொசாடாவுக்கு ரெண்டு. மிச்சம் என் ஓட்டு. நான் மன்சனுக்குப் போட்டா அவர் உள்ளே. பொசாடாவுக்குப் போட்டா சீட்டு காலி.

ரெண்டு பேருமே நியூயார்க் யாங்கீஸ். ரெண்டு பேருமே கேட்சர். பொசாடாவுக்காக வாதாடுறவர் எனக்கு பேஸ்பால் சொல்லிக் கொடுத்த அண்ணன். மதுரைக்காரர். குளிர்கால ராத்திரிகள்ல அவர் வீட்டுல ரசம் சாதம் சாப்பிட்டுக்கிட்டே பழைய மேட்ச் எல்லாம் பாத்திருக்கேன். அவரை எதிர்த்து ஓட்டு போடறது கொஞ்சம் சங்கடமான வேலைதான்.

*

முதல்ல கேட்சர்னா யாருன்னு பாத்துடுவோம். நம்ம விக்கெட் கீப்பர் மாதிரின்னு சொல்லலாம், ஆனா பாதிதான் சரி. பேட்ஸ்மேனுக்குப் பின்னாடி குந்த வெச்சு உக்காந்துக்கிட்டு, மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்துல வர்ற பந்தை ஒரு மேட்சுக்கு 140, 150 தடவை பிடிக்கணும். அடுத்த பந்து என்ன போடணும்னு பிட்சருக்கு சைகை காட்டணும். பேட்ல உரசிட்டு வர்ற பந்து முகமூடியிலயும் தோள்லயும் விரல்லயும் அடிக்கும். பேஸ் திருட ஓடுறவனை எந்திரிச்சு எறிஞ்சு அவுட் ஆக்கணும். இதையெல்லாம் முடிச்சுட்டு மத்தவங்க மாதிரியே பேட்டிங்கும் செய்யணும். ஒரு சீசனுக்கு 162 மேட்ச்.

முட்டி என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. ஜானி பெஞ்ச் 1968-லேருந்து 1980 வரைக்கும் 13 வருஷம் தொடர்ந்து 100 மேட்சுக்கு மேல கேட்சரா இருந்தாரு. கடைசி மூணு வருஷம் கிட்டத்தட்ட அந்த வேலையே பாக்கல. 35 வயசுல வீட்டுக்குப் போயிட்டாரு. ஜோ மவர் 2006, 2008, 2009-ன்னு மூணு தடவை பேட்டிங் பட்டம் ஜெயிச்சாரு. அமெரிக்கன், நேஷனல் லீக்ல வேற எந்தக் கேட்சரும் மூணு வாங்கினதில்லை. 2013 ஆகஸ்ட்ல தலையில அடிபட்டு மூளை அதிர்ச்சி. அப்புறம் முதல் பேஸ்ல நிக்க வெச்சுட்டாங்க. ஆடின 1858 மேட்ச்ல 921-தான் கேட்சரா ஆடினது.

இதனால என்ன ஆகுதுன்னா, மொத்தக் கூட்டல் கணக்குல கேட்சர் எப்பவுமே தோத்துப் போவாரு. 3000 ஹிட் அடிச்ச ஆளுங்க லிஸ்ட்ல முழுநேர கேட்சர் ஒருத்தர் கூட கிடையாது. 500 ஹோம் ரன் லிஸ்ட்லயும் கிடையாது. ஹிட்ல ரொம்பக் கிட்ட வந்தவர் ராட்ரிகஸ், 2844. ஹோம் ரன்ல பியாஸா, 427. நிஜ ஹால்லயே கேட்சர்கள் சுமார் 20 பேர்தான் இருக்காங்க. மத்த இடங்களுக்கு வெச்ச அளவுகோலைக் கேட்சர் மேல வெச்சா இப்படித்தான் ஆகும். உயரம் தாண்டுறவனையும் மூட்டை தூக்குறவனையும் ஒரே டேப்பால அளக்குற கதை.

கூட்டலை விட்டுட்டுப் பாத்தா எவ்வளவு மாறுதுன்னு டெட் சிம்மன்ஸைப் பாருங்க. 2472 ஹிட், 1389 ரன் பேட்டிங்கில சேர்த்துக் கொடுத்தவர். 1994-ல் அவர் பேரு முதல் தடவையா சீட்டுல வந்தப்போ 3.7 சதவீதம். அதோட துரத்திட்டாங்க. பக்கத்து பக்கத்து கேட்சர்களோட வெச்சுப் பாத்தா மேல் வரிசையில நிக்கற ஆளு. பெஞ்ச் காலத்துலயே ஆடினதுதான் அவர் செஞ்ச தப்பு. 2019 டிசம்பர்ல ஒரு கமிட்டி கூடி அவரைத் தேர்ந்தெடுத்துச்சு. 25 வருஷம் கழிச்சு! இடைப்பட்ட காலத்துல அவர் ஒரு ஹிட் கூட கூடுதலா அடிக்கலை. கணக்கு போடறவங்கதான் மாறினாங்க.

*

இப்போ ரெண்டு பேரையும் தராசுல வைப்போம்.

தர்மன் மன்சன்: 1969 முதல் 1979 வரை. 1423 மேட்ச், 1558 ஹிட், 113 ஹோம் ரன், 701 ஆர்பிஐ, ஆவரேஜ் .292. 1970-ல் சிறந்த புதுமுகம், 1976-ல் எம்விபி, 3 கோல்டு குளோவ்.

ஹோர்ஹே பொசாடா: 1995 முதல் 2011 வரை. 1829 மேட்ச், 1664 ஹிட், 275 ஹோம் ரன், 1065 ஆர்பிஐ, ஆவரேஜ் .273. கோல்டு குளோவ் இல்லை, எம்விபி இல்லை.

மேலோட்டமாப் பாத்தா அண்ணன் சொல்றதுதான் சரி. ரெண்டு மடங்குக்கு மேல ஹோம் ரன். 364 ஆர்பிஐ கூடுதல். ஆவரேஜ் கம்மியா இருந்தாலும் பொசாடா பந்தை விட்டு விட்டு நடந்தே பேஸுக்குப் போற ஆளு. பேஸுக்குப் போற விகிதம் அவருக்கு .374, மன்சனுக்கு .346. "தம்பி, காலத்தை வெச்சுத் திருத்தினாலும் என் ஆளுதான் நல்ல பேட்ஸ்மேன்"ம்பாரு. அதுவும் உண்மைதான். அந்தந்த வருஷத்துச் சராசரியை 100-ன்னு வெச்சு அளக்கற ஓபிஎஸ் ப்ளஸ்ல பொசாடாவுக்கு 121, மன்சனுக்கு 116. நான் ஒளிச்சு வைக்க விரும்பலை. பேட்டை மட்டும் பாத்தா பொசாடா.

ஆனா கேட்சருக்கு பேட்டிங் பாதி வேலைதான். மிச்சப் பாதிக்கு ஒரு உதாரணம். பேஸ் திருட ஓடினவங்கள்ல மன்சன் 44 சதவீதம் பேரை அவுட் ஆக்கினாரு. பொசாடா 28 சதவீதம். எழுபதுகள்ல சராசரியே கொஞ்சம் கூடத்தான். அதைக் கழிச்சாலும் மன்சன் சராசரிக்கு நல்லா மேலே, பொசாடா சராசரியை ஒட்டி.

பேட்டிங், ஃபீல்டிங், ஓட்டம் எல்லாத்தையும் ஒரே எண்ணா மாத்துறதுக்கு வார்னு ஒரு கணக்கு இருக்கு. இந்த ஆளுக்குப் பதிலா கைக்குக் கிடைச்ச ஒரு சாதா ஆளை நிறுத்தியிருந்தா அணி எத்தனை வெற்றி கம்மியா வாங்கியிருக்கும்ங்கறதுதான் அது. பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளக் கணக்குப்படி மன்சனுக்கு சுமார் 46, பொசாடாவுக்கு சுமார் 43. 400 மேட்ச் கம்மியா ஆடியும் மன்சன் மேலே. 150 மேட்சுக்கு எவ்வளவுன்னு நான் வகுத்துப் பாத்தேன். மன்சனுக்கு 4.8, பொசாடாவுக்கு 3.5.

"ஏமாத்துறியே தம்பி, பொசாடா 40 வயசு வரைக்கும் ஆடினான். கடைசி வருஷங்கள் விகிதத்தை இழுக்கும்ல?" இதுவும் நியாயமான கேள்வி. அதுக்குத்தான் ஜே ஜாஃபிங்கற எழுத்தாளர் ஒரு வழி கண்டுபிடிச்சாரு. வாழ்நாள் வாரையும், சிறந்த ஏழு வருஷத்து வாரையும் தனித்தனியா பாத்து சராசரி எடுக்கறது. ஜாஸ்னு பேரு. அந்த ஏழு வருஷத்தை மட்டும் எடுத்தா கிழட்டு வருஷமும் வராது, சாவும் வராது. மன்சனுக்கு சுமார் 37. பொசாடாவுக்கு 33 கூட வரலை. ஏற்கெனவே எங்க ஹால்ல உக்காந்திருக்கற சிம்மன்ஸுக்கு சுமார் 35. நிஜ ஹால்ல இருக்கற கேட்சர்களோட சராசரியும் அதே 35 பக்கம்தான். அதாவது உச்சத்துல இருந்தப்போ மன்சன் சராசரி ஹால் ஆஃப் ஃபேம் கேட்சரை விட ஒரு படி மேல. நீளத்துலதான் குறை.

*

அந்த நீளம் ஏன் குறைஞ்சுதுன்னு சொல்லிடறேன். மன்சனோட குடும்பம் ஒஹையோ மாநிலத்துல கேன்டன்ங்கற ஊர்ல இருந்துச்சு. நியூயார்க்ல ஆட்டம். லீவு நாள்ல வீட்டுக்குப் போயிட்டு வரணும்கறதுக்காகவே விமானம் ஓட்டக் கத்துக்கிட்டாரு. 1979 ஆகஸ்ட் 2, ஆட்டமில்லாத நாள். புதுசா வாங்கின சின்ன ஜெட்டை ஊர் விமான நிலையத்துல இறக்கி ஏத்தி பழகிக்கிட்டு இருந்தப்போ விழுந்துடுச்சு. கூட இருந்த ரெண்டு பேர் தப்பிச்சுட்டாங்க. அவருக்கு 32 வயசு.

இந்த இடத்துல நான் ஒரு திருட்டு வேலை பாத்தேன், ஒத்துக்கறேன். எங்க ஸ்கிரிப்ட்ல ஒரு புது ஃபங்ஷன் எழுதினேன். அவர் சாகாம இருந்திருந்தா மிச்ச வருஷங்கள் எப்படிப் போயிருக்கும்னு ஆயிரம் தடவை ஓட்டிப் பாக்கறது. மத்த கேட்சர்கள் 32 வயசுக்கு அப்புறம் எப்படித் தேய்ஞ்சாங்கன்னு பாத்து, அதே மாதிரி இவரையும் தேய்க்கறது. ஒரு ராத்திரி முழுக்க அதுலயே உக்காந்திருந்தேன். ஒரு ஓட்டத்துல 2000 ஹிட்டைத் தாண்டறாரு, இன்னொன்னுல அடுத்த வருஷமே காணாமப் போறாரு. எனக்குப் பிடிச்ச விடை வர்ற வரைக்கும் எண்ணை மாத்திக்கிட்டே இருந்தேன்னு மூணு மணிக்குத்தான் உறைச்சுது.

அப்புறம் 1979 கணக்கை எடுத்துப் பாத்தேன். 97 மேட்ச், ஆவரேஜ் .288, ஹோம் ரன் மூணே மூணு. முட்டி போயிடுச்சு. சாகறதுக்கு முந்தின நாள், கடைசி மேட்ச்ல அவர் நின்னது முதல் பேஸ்ல. அதுலயும் முட்டி தாங்காம பாதியிலயே வெளிய வந்தாரு. மிச்ச வருஷம் கிடைச்சிருந்தாலும் ஏறுமுகமா இருந்திருக்கும்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அந்த ஃபங்ஷனை அழிச்சுட்டேன். நடக்காத மேட்சுக்கு ஓட்டு போடக் கூடாது. நடந்த 1423 மேட்ச் போதுமாங்கறதுதான் கேள்வி.

போதும்ங்கறதுக்கு சாட்சி எங்க ஹாலுக்குள்ளயே இருக்கு. ராய் கேம்பனெல்லா. ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் கேட்சர், 1951, 1953, 1955-ன்னு மூணு எம்விபி. நிறத்தைக் காரணம் காட்டி முதல் பத்து வருஷம் மேஜர் லீக்ல விடலை. 1958 ஜனவரியில கார் விபத்து, கழுத்துக்குக் கீழ செயலிழந்து போச்சு. முன்னாடியும் வெட்டு, பின்னாடியும் வெட்டு. டாட்ஜர்ஸுக்காக அவர் ஆடினது 1215 மேட்ச். 1969-ல் நிஜ ஹால் அவரைச் சேர்த்துக்கிச்சு. எங்க எட்டு பேரும் கண்ணை மூடிக்கிட்டு அவருக்கு ஓட்டு போட்டோம், அண்ணன் உட்பட. 1215-க்கு "ம்" சொன்னவங்க 1423-க்கு "நீளம் பத்தலை"ன்னா எப்படி? மன்சன் கேம்பனெல்லா அளவுக்குப் பெரிய ஆள்னு நான் சொல்லலை. நீளம்ங்கற ஒரு காரணத்தை மட்டும் தூக்கிட்டு வராதீங்கன்னு சொல்றேன்.

*

ஒப்பிடறதுன்னு வந்தா மன்சன் வாழ்க்கையே ஒரு ஒப்பீடுதான். 1976 உலகத் தொடர், யாங்கீஸும் சின்சினாட்டியும். மன்சன் ஒரு பக்கம், பெஞ்ச் இன்னொரு பக்கம். சின்சினாட்டி நாலுக்கு நாலும் ஜெயிச்சுது. பெஞ்ச் .533 அடிச்சு தொடர் நாயகன். தோத்த அணியில மன்சன் .529! முடிஞ்சதும் நிருபர்கள் சின்சினாட்டி மேனேஜர் ஸ்பார்க்கி ஆண்டர்சன்கிட்ட மன்சனைப் பத்திக் கேட்டாங்க. யாரையும் பெஞ்சோட ஒப்பிட்டு அவங்களைச் சங்கடப்படுத்தாதீங்கங்கற மாதிரி ஒரு பதில் சொன்னாரு. அது மன்சன் காதுல விழுந்து ரொம்பவே காயப்படுத்திடுச்சு. பெஞ்ச் பெரியவர்தான், மறுக்கலை. ஆனா தொடர் முழுக்க பத்துக்கு அஞ்சு தடவைக்கு மேல அடிச்ச மனுஷனுக்கு அன்னைக்குக் கிடைச்ச மரியாதை அவ்வளவுதான்.

இன்னொரு கதையும் சொல்வாங்க. அசிஸ்ட்ங்கற கணக்குல பாஸ்டன் அணியோட ஃபிஸ்க் முன்னாடி இருக்காருன்னு யாரோ மன்சன்கிட்ட ஒரு தாளைக் காட்டினாங்களாம். அன்னைக்கு மூணாவது ஸ்ட்ரைக்கை வேணும்னே கீழ போட்டு, பொறுக்கி, முதல் பேஸுக்கு எறிஞ்சு, ஒவ்வொண்ணா அசிஸ்ட் சேர்த்துட்டாராம். உண்மையோ பொய்யோ, எண்ணை எவ்வளவு சுலபமா உருட்டலாம்கறதுக்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது :-)

எண்ணுல வராத வேலையும் இருக்கு. கட்டத்துக்கு ஒரு நூல் வெளியே வர்ற பந்தை, கை ஆடாம நைசாப் பிடிச்சு அம்பயரை "ஸ்ட்ரைக்"னு சொல்ல வைக்கறது. ஃப்ரேமிங்னு பேரு. காலங்காலமா எல்லாருக்கும் தெரியும், யாராலயும் அளக்க முடியலை. 2008 வாக்குல எல்லா மைதானத்துலயும் பந்தோட பாதையைப் பதிவு செய்யற கேமரா வந்த பிறகுதான் அளந்தாங்க. ஹோசே மொலினான்னு ஒரு ஆளு, யாடியரோட அண்ணன். வாழ்நாள் ஆவரேஜ் .233, ஹோம் ரன் 39. எதுக்குடா இவனை வெச்சிருக்காங்கன்னு எல்லாரும் கேட்ட ஆளு. அளந்து பாத்தா ஃப்ரேமிங்ல அவர்தான் ராஜா.

பிரையன் மெக்கேன், ரஸ்ஸல் மார்ட்டின் ரெண்டு பேரையும் எடுத்துக்கோங்க. ஃப்ரேமிங் சேர்க்காத கணக்குல ரெண்டு பேருக்கும் வார் 30 சொச்சம். அதைச் சேர்த்த ஃபேன்கிராஃப்ஸ் தளத்துக் கணக்குல ரெண்டு பேருமே 50-க்கு மேல. ஒரே ஆளு, ஒரே மேட்ச், ஒரு காலம் கூடினதும் 15, 20 வெற்றி வித்தியாசம்! 2025 தேர்தல்ல ரெண்டு பேருமே முதல் வருஷமே 5 சதவீதம் கூட வாங்காம வெளிய போயிட்டாங்க. எங்க ஹால்லயும் அவங்களுக்கு ஒரு ஓட்டு கூட விழலை. அடுத்த ரவுண்டுல இதைப் பத்தி சண்டை போட நான் தயார்.

மன்சன் காலத்துல கேமரா கிடையாது. அதனால அவரோட ஃப்ரேமிங் எப்படின்னு நான் ஜல்லியடிக்கப் போறதில்லை. பொசாடாவோட கடைசி சில வருஷம் கேமராவுல மாட்டிச்சு, அதுல அவருக்கு நல்ல மார்க் வரலை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

*

இதுல எனக்கென்ன இவ்வளவு அக்கறைன்னு கேப்பீங்க. ஒரு சொந்தக் கதை. முன்னாடி ஒரு கம்பெனியில இருந்தப்போ, வருஷக் கடைசி அப்ரைசலுக்கு டீம் கணக்கையெல்லாம் தொகுத்துக் கொடுக்கற வேலை என் தலையில விழுந்துச்சு. யார் எத்தனை ஃபீச்சர் முடிச்சாங்க, எத்தனை டிக்கெட் மூடினாங்கன்னு காலம் காலமா எக்செல். எங்க டீம்ல ஒரு அக்கா இருந்தாங்க. ப்ரொடக்‌ஷன் சப்போர்ட். அவங்க பாத்துக்கிட்ட சிஸ்டம் ராத்திரியில விழாது. விழறதுக்கு முன்னாடியே லாகைப் பாத்து சரி பண்ணிடுவாங்க. விழாத சிஸ்டத்துக்கு டிக்கெட் வராது. வராத டிக்கெட்டை மூட முடியாது. என் ஷீட்ல கடைசி வரிசையில நின்னாங்க. சிஸ்டம் வாரம் ஒரு தடவை விழுந்து, ஓடி ஓடி டிக்கெட் மூடினவர் முதல் வரிசை.

அந்த ஷீட் தப்புன்னு எனக்குத் தெரியும். நான்தானே போட்டேன். மீட்டிங்ல வாயைத் திறக்கலை. அக்காவுக்கு அந்த வருஷம் ஹைக் இல்லை. ஆறு மாசத்துல வேற வேலைக்குப் போயிட்டாங்க. போகும்போது எனக்கு பேனா ஒண்ணு கொடுத்துட்டுப் போனாங்க. அவங்க போன பிறகு ராத்திரி போன் யாருக்கு வந்துச்சுன்னு சொல்லணுமா என்ன?

எந்தக் காலம் இருக்கணும்னு முடிவு பண்றவன்தான் பாதி தேர்தலை நடத்தி முடிக்கறான். அப்ரைசல்லயும் சரி, டம்மி ஹால்லயும் சரி, ஷீட் போட்டது நான். எங்க ஷீட்ல முதல் காலம் ஹோம் ரன், ரெண்டாவது ஆர்பிஐ. யார் அந்த வரிசையில வெச்சது? சாட்சாத் நான்தான்.

*

போன சனிக்கிழமை ராத்திரி ஷீட்டை மாத்தினேன். கேட்சரா ஆடின மேட்ச் முதல்ல. அடுத்து சிறந்த ஏழு வருஷம். அடுத்து திருடனைப் பிடிச்ச சதவீதம். ஹோம் ரன் அதுக்கப்புறம். வாழ்நாள் கூட்டல் கடைசி. அப்புறம் தனியா இன்னொரு காலம், அதுக்கு எண்ணே கிடையாது. "அளக்க முடியாதது"ன்னு பேரு வெச்சு காலியா விட்டிருக்கேன். ஓட்டு போடறவங்க அதைப் பாத்துட்டுப் போடட்டும்.

மாத்தி முடிச்சதும் அண்ணனுக்குத்தான் முதல்ல போன் போட்டேன். மன்சனுக்குப் போடறேன்னு சொன்னேன். ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம், "2017-ல நிஜத் தேர்தல்ல பொசாடாவுக்கு 3.8 சதவீதம்தான்டா வந்துச்சு. ஒரே வருஷத்துல தூக்கிட்டாங்க. 1998, 1999, 2000, 2009-ன்னு நாலு கப் ஜெயிச்ச டீம்ல கேட்சர். நம்மளாவது உள்ள விடுவோம்னு பாத்தேன்"னாரு. அதுல இருந்த வருத்தம் எனக்குப் புரிஞ்சுது. ஒரே வருஷத்துல துரத்தினது அநியாயம்தான். நிஜ ஹால்ல இருக்கற ரே ஷால்க்கை விட, ரிக் ஃபெரெல்லை விட பொசாடா எங்கேயோ மேலன்னு நானும் சொல்வேன். ரிக் ஃபெரெல் வாழ்நாள்ல அடிச்சது 28 ஹோம் ரன். பிட்சரா இருந்த அவரோட தம்பி வெஸ் அடிச்சது 38! ஆனா நிஜ ஹால்ல யாரோ தப்பா உள்ள போனாங்கங்கறது இங்க இன்னொருத்தரைச் சேர்க்கறதுக்குக் காரணம் ஆகாது. சீட்டு ஒண்ணுதான் இருக்கு. உச்சத்துல ரெண்டு பேரையும் பக்கத்துல நிறுத்தினா, எந்தக் கேட்சர் என் அணிக்கு வேணும்னு கேட்டா, எனக்கு மன்சன் வேணும்.

ஓட்டு போட்டாச்சு. ஆறுக்கு ரெண்டு. தர்மன் மன்சன் உள்ளே.

அண்ணன் அடுத்த நாள் குழுவுல ஒரே ஒரு வரி போட்டிருந்தாரு. "ஷீட்டை மாத்தினது யாருடா?" நான் இன்னும் பதில் சொல்லலை. இந்தப் பதிவைப் படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்.

டிஸ்கி 1: போஸி 1371 மேட்ச், யாடியர் 2224 மேட்ச். ஒருத்தர் குட்டை, ஒருத்தர் நெடுசு. அடுத்த ரவுண்டுல இதே பஞ்சாயத்து திரும்ப வரப் போகுது. இப்பவே துண்டு போட்டு வெச்சுக்கறேன்.

டிஸ்கி 2: 2026-லேருந்து மேஜர் லீக்ல ஸ்ட்ரைக் முடிவை எதிர்த்து இயந்திரத்துக்கிட்ட அப்பீல் போகலாம். நைசாப் பிடிச்சு அம்பயரை ஏமாத்துற கலைக்கு இனிமே மதிப்பு குறையுமா, இல்ல எந்தப் பந்துக்கு அப்பீல் போகணும்னு தெரிஞ்ச கேட்சருக்கு மதிப்பு கூடுமா? எனக்கு ரெண்டாவதுதான்னு தோணுது. நீங்க என்ன நினைக்கறீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி 3: உங்க ஆபீஸ் ஷீட்ல இல்லாத ஒரு காலம் எதுன்னும் சொல்லுங்க. கும்மி அடிக்கறவங்களும் அதைச் சொல்லிட்டு அடிக்கவும் :-)